பதினான்காம் பெட்டி

எங்கள் வங்கியின் வட்டக் கண்ணாடிக் கதவு
உலோகத்தைச் சகித்துக்கொள்ளாது.
ஆளைப் பாதியில் நிறுத்தி
ஒரு பெண் குரலில் கண்டிக்கும்.
மார்ச் முதல் தேதியும் செப்டம்பர் முதல் தேதியும்
அது கண்டிப்பது நிவெஸ் பெர்தொத்தை.

கைப்பையில் கத்தரிக்கோல்.
பதினான்காம் எண் பெட்டியில் அதைப் பூட்டிவிட்டு
சாவியோடு வருவார் என் மேசைக்கு,
த்ரியெஸ்தே துறைமுகத்தின் காப்பிக் கிடங்கில்
முப்பத்தோரு ஆண்டு மூட்டை எடை எழுதியவர்,
எழுபத்தெட்டு வயதிலும்
கிராம் கணக்கில் என்னை நம்பாதவர்.

"வந்ததா?"
வந்தது, சிஞ்ஞோரா.
முந்நூற்று அறுபத்தேழு யூரோ ஐம்பது சென்ட்,
வரி போக.

அந்தக் காலத்தில் பத்திரம் என்றால் காகிதம்.
ஓரமெல்லாம் தபால்தலை போலத் தவணைச் சீட்டுகள்.
ஆறு மாதத்துக்கு ஒன்றை வெட்டி நீட்டினால்
கம்பிச் சன்னலுக்கு அப்பாலிருந்து பணம் வரும்.
நிலவறையில் வரிசையாக உட்கார்ந்து
ஆட்கள் வெட்டுகிற சத்தம்
முடிதிருத்தகம் மாதிரி இருக்குமாம்.
இப்போது வெட்ட எதுவுமில்லை.
திரையில் ஓர் எண் பிறக்கிறது, அவ்வளவுதான்.
நான் அச்சிட்டுத் தரும் கணக்குத்தாளின் கடைசி வரியை
வீட்டுக்குப் போய் வெட்டிக்கொள்கிறார்.
பழக்கம் என்கிறார்.
வேறு பெயர் எனக்கும் தெரியாது.

பங்குகளும் கொஞ்சம் உண்டு:
ஒரு காப்பீட்டு நிறுவனம், ஓர் எரிவாயு நிறுவனம்.
பெருந்தொற்று ஆண்டில் காப்பீட்டார் கைவிரித்தார்கள்.
ஈவு இல்லை என்று நான்தான் சொன்னேன்.
இரக்கமும் இல்லையா என்று அவர் கேட்கவில்லை.
எரிவாயுக்காரர்கள் தந்த ஈவை
எரிவாயுக் கட்டணமாக அவர்களுக்கே திருப்பிக் கட்டினார்.
ஓர் அறையின் வெப்பத்தை அணைத்துவிட்டு
மற்றதில் கோட்டு போட்டபடி
சீட்டாடினாராம், தனியாக.
ஜெயித்தாராம்.

பிறகு வட்டி விகிதம் ஏறியது.
நூறுக்கு வாங்கிய பத்திரம்
அறுபத்தொன்றுக்கு இறங்கியது.
அன்று எனக்குத்தான் வாய் உலர்ந்தது,
விற்றவன் நான்.
திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஒரே சிவப்பு.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
"விற்கச் சொல்லி யாராவது வந்தார்களா?"
இல்லை.
"தவணை குறையுமா?"
இல்லை.
"அப்படியென்றால் திருப்பிக்கொள்.
கண் கூசுகிறது."

ஆனாலும் மறைக்கக் கூடாது:
இதே முந்நூற்று அறுபத்தேழு
முன்பு குளிர்காலக் கட்டணத்தைத் தீர்த்துவிட்டு
கிறிஸ்துமஸுக்கு ஒரு முழு மீனும் வாங்கியது.
இப்போது தலை மட்டும்தான் கட்டுப்படியாகிறது.
அதை அவரே சொன்னார், கிடங்குப் பேச்சில்:
மூட்டை அதேதான்,
உள்ளே ஈரம் காய்ந்துவிட்டது.

அது முதிர இன்னும் நாற்பத்திரண்டு ஆண்டு.
அன்று எனக்கு எழுபத்தொன்பது.
முதலை யார் வாங்கிக்கொள்வது,
உயிலில் யாரையும் எழுதவில்லையே என்றேன்.
"முதல் யாருக்கோ.
எனக்கு மார்ச்சும் செப்டம்பரும்."
தன் முதிர்வு முடிந்த கதை,
பத்திரம் தன் பாட்டை ஆற அமரப் பார்க்கட்டும்
என்பது போலத் தோளைக் குலுக்கினார்.
எனக்குச் சொந்தமாகப் பத்திரம் எதுவும் இல்லை.
வாடகை, கார்த் தவணை.
நான் கொடுக்கிற பக்கத்து ஆள்.

இன்று போரா வீசுகிறது.
மலையிலிருந்து ஊரைக் கடலுக்குள் தள்ளும் காற்று.
குப்பைத்தொட்டிகள் தாமாகத் தெருவைக் கடக்கின்றன.
படியில் பத்திரம் என்றேன்.
கைப்பையைத் தட்டிக் காட்டினார்:
பத்திரம்தான்.
கதவு ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே விட்டது.

மாலையில் மூடும்போது
பதினான்காம் பெட்டி திறக்கவில்லை.
சாவி அவரோடு போயிருக்கிறது.
உள்ளே அசைத்தால் கிணுங்குகிறது.

கூப்பிட்டுச் சொல்லலாம், எண் இருக்கிறது.
சொல்லவில்லை.
அடுத்த தவணை செப்டம்பர் ஒன்று.